கரை நகரும் ஊரில் ஒரு பரிசல்

எங்கள் புதுச்சத்திரத்துக்கும் படகுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ராசிபுரத்தைத் தாண்டி நாமக்கல் போகிற நெடுஞ்சாலையோரத்து மேட்டாங்காடு இது. ஏரியில் நாலு நாள் தண்ணீர் நின்றாலே வண்டியை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்ப்போம். இங்கே ‘சீசனுக்குத் தயார் பண்ணுவது’ என்றால் லாரிதான். எப்.சி. (வண்டித் தகுதிச் சான்று) தேதி நெருங்கிவிட்டால் பட்டறையில் ராத்திரி பகல் கிடையாது. டிங்கர் ஒரு பக்கம் தட்டுவார், பெயிண்டர் ஒரு பக்கம் அடிப்பார், ஓனர் நடுவில் நின்று கத்துவார். நான் பிழைப்பது அந்தச் சத்தத்துக்குள்தான்.

அப்படிப்பட்ட என்னைப் பரிசல் வேலைக்குக் கூப்பிட்டவர் ஒரு பழைய டிரைவர் அண்ணன். எங்கள் பட்டறைக்கு வண்டி கொண்டுவந்து பழக்கமானவர். மேட்டூர் அணைக்கு மேலே, கொளத்தூர் தாண்டிப் பண்ணவாடிப் பக்கத்து ஆள். வடக்கே பல வருஷம் ஓட்டிவிட்டு, முதுகு ஒத்துழைக்காமல் ஸ்டியரிங்கை விட்டு ஊருக்கே போய்விட்டார். இப்போது அணையில் மீன் பிடிக்கிறார். “சனி, ஞாயிறு சும்மாத்தானே இருப்பீங்க தம்பி, வாங்க. நீங்க லாரிக்குப் பாக்கற வேலையை நான் பரிசலுக்குப் பாக்கறேன், வந்து கைகொடுங்க” என்றார். வைகாசி முடியப்போகிற நேரம். சனிக்கிழமை விடிவதற்குள் சேலம், ஓமலூர், மேச்சேரி வழியாக மேட்டூர் போய், அங்கிருந்து கொளத்தூர் பஸ்ஸைப் பிடித்தேன்.

ஏன் வைகாசிக் கடைசி? மேட்டூர் அணையைப் பாசனத்துக்குத் திறக்க ஜூன் 12 என்று ஒரு தேதி உண்டு. குறுவைக்கான தேதி அது. ஆனால் பாருங்கள், அணைக்குத்தான் தேதி, தண்ணிக்குத் தேதி கிடையாது. 2022-ல் மே 24-லேயே திறந்தார்கள். 2024-ல் ஜூலை 28 வரைக்கும் திறக்க முடியவில்லை. அந்த 2024-ஐ அண்ணன் இன்னும் வாய் ஓயாமல் சொல்கிறார். ஜூலை நடுவில் 50 அடிக்கும் கீழே கிடந்தது மட்டம். கர்நாடகத்தில் மழை பிடித்துக் கபினியும் கிருஷ்ணராஜ சாகரும் நிரம்பி, உபரி மொத்தமும் பிலிகுண்டுலு வழியாக உள்ளே பாய, ஜூலை 30-ஆம் தேதி 120 அடி. ரெண்டே வாரத்தில் எழுபது அடிக்கு மேல்! அடுத்த வருஷமே கதை வேறு: ஜூன் 12-ல் திறந்தார்கள், ஜூன் மாதம் முடிவதற்குள் அணை நிரம்பிவிட்டது.

“புதுத்தண்ணி வந்தா மீன் ஏறும் தம்பி. அன்னிக்குப் போயித் தார் காய்ச்சிட்டு இருக்க முடியுமா? தண்ணி எப்ப வேணா வரட்டும், பரிசல் ஜூன் முதல் வாரத்துல ரெடியா இருக்கோணும்.” அவர் கணக்கு அவ்வளவுதான்.

பரிசல் பற்றி எனக்கு இருந்த ஒரு சந்தேகம் முதலில் தீர்ந்தது. ஒகேனக்கல்லில் சுற்றுலாவுக்குப் பரிசல் விடுவது புரிகிறது. நிறைந்தால் 150 சதுர கிலோமீட்டர் விரியும் ஏரியில், வருஷம் முழுக்கத் தொழில் செய்கிறவர்கள் ஏன் ஒரு நல்ல பலகைப் படகு வைத்துக்கொள்ளக் கூடாது? கேட்டேன். அண்ணன் பதில் சொல்லவில்லை, கையை நீட்டிக் காட்டினார். ஒரு பக்கம் தண்ணீர். அதற்கு மேலே, வெடித்த வண்டல். அதற்கும் மேலே, போன வருஷத்து நீர்க்கோடு பதிந்த பாறைகள். “இதுல எது தம்பி கரை?”

நியாயம்தானே! ஆற்றுக்குக் கரை ஓரிடத்தில் நிற்கும். அணைக்கு அப்படி இல்லை. மட்டம் ஓர் அடி இறங்கினால் சாய்வு குறைந்த இடங்களில் தண்ணீர் எங்கோ போய்விடும். 1925-ல் ஆரம்பித்து 1934-ல் முடித்த அணை இது. ஊர்களைக் காலி பண்ணி மேட்டுக்கு அனுப்பிவிட்டுத் தண்ணீரைத் தேக்கினார்கள். இன்றைக்கும் மட்டம் நன்றாக இறங்கினால் பண்ணவாடியில் பழைய ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி தலைகாட்டும், கிறிஸ்தவக் கோயிலின் கோபுரம் வெளியே வரும். இந்த வருஷம் படகு கட்டிய இடம் அடுத்த வருஷம் நடு ஏரி, அதற்கடுத்த வருஷம் கம்பு விதைத்த காடு. இங்கே துறை கட்டி, முளை அடித்து, கனமான படகை நிறுத்தி வைத்தால் ஒன்று முழுகும், இல்லாவிட்டால் தரையில் உட்கார்ந்துகொள்ளும். தண்ணீர் போகிற இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போக முடிகிற படகுதான் இங்கே படகு. தலையில் கவிழ்த்துக்கொண்டு நடந்தால் வெயிலுக்குக் குடை, மழை வந்தால் கவிழ்த்துப் போட்டு அடியில் உட்கார்ந்துகொள்ளலாம்.

சரி, வேலைக்கு வருவோம்.

பரிசல் வேலமரத்தடியில் நாலு கல்லின் மேல் கவிழ்ந்து கிடந்தது. நிழலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. பரிசலுக்குப் பூசுவது ரோட்டுக்குப் போடுகிற அதே தார். நம்மூர் ரோட்டுத் தார் ஐம்பது டிகிரியை ஒட்டிய சூட்டிலேயே இளக ஆரம்பித்துவிடும். சித்திரை வெயிலில் கருப்பான எந்தப் பொருளும் அந்தச் சூட்டைத் தொட்டுவிடும். வெயிலிலேயே கிடந்தால் மேலே இருக்கும் தார் இளகி ஓரத்துக்கு இறங்கும், நடு அடி மெலிந்துபோகும். அதே தார் வருஷக் கணக்கில் காற்றும் வெயிலும் பட்டால் இறுகி, பாளம் பாளமாக வெடிக்கும். இளகுவதும் கெடுதல், இறுகுவதும் கெடுதல். அதனால்தான் வருஷத்துக்கு ஒருமுறை இந்தக் கூத்து. எட்டு வருஷம் தாண்டிய லாரிக்கும் வருஷா வருஷம் எப்.சி. என்பதால் எனக்கு இது அந்நியமாகவே படவில்லை.

எங்கள் எப்.சி. ஆபீசர் யார் என்று நினைக்கிறீர்கள்? அண்ணி. மேட்டூர் அணையில் மீன் பிடிக்கிற பல பரிசல்களில் புருஷனும் பொண்டாட்டியும்தான் ஜோடி. ஒருவர் துடுப்புப் போட, மற்றவர் வலை விடுவார். அண்ணன் லாரியில் சுற்றிக்கொண்டிருந்த காலத்தில் அண்ணி தன் அப்பாவோடு பரிசலில் போனவர். சர்வீஸில் சீனியர். அவர் பரிசலைச் சுற்றி ஒரு சுற்று வந்தார். விரல் முட்டியால் மூங்கிலைத் தட்டித் தட்டிக் காதைக் கொடுத்தார். நல்ல மூங்கில் ‘டங்’ என்கும், உளுத்தது ‘பொத்’தென்று விழும். சந்தேகம் வந்த இடத்தில் கட்டை விரல் நகத்தை அழுத்தினார். நகம் இறங்கினால் அந்த மூங்கில் தப்பை காலி.

“மேல தார் வெடிச்சதப் பாத்துப் பயப்படாதீங்க தம்பி. அது தோலு. எலும்பு நல்லாருந்தா தோலு எப்ப வேணாலும் போத்திக்கலாம்” என்றார்.

அந்த ரெண்டு நாளில் நான் கற்றதில் முக்கால்வாசி இதில் அடங்கிவிடும். புதிதாக வருகிறவன் கண் தாரில்தான் போகும். கருப்பாக, பளபளப்பாக இருந்தால் பரிசல் நல்லது என்று நினைப்போம். தண்ணீரை வெளியே நிறுத்துவது தார்தான், மறுக்கவில்லை. ஆனால் ரெண்டு ஆளையும் வலையையும் மீனையும் தாங்குவது மூங்கில் பின்னல். உள்ளே கால் ஊன்றுகிற நடு அடியில் குறுக்கும் நெடுக்குமாகப் போகிற தப்பைகள் உடைந்தால், அவ்வளவு தாரும் ஒரு மிதிக்கு ஆகாது. பாறையில் உரசும்போது பரிசல் உடையாமல் நெளிந்து கொடுப்பதும் அந்தப் பின்னலால்தான்.

அண்ணி மூணு இடத்தில் சாக்கட்டியால் குறி போட்டார். நடு அடியில் ஒரு தப்பை, விளிம்பில் ரெண்டு இடம். மாற்றுவதற்கான மூங்கிலை அண்ணன் முன்கூட்டியே பிளந்து தண்ணீரில் ஊறப்போட்டிருந்தார். ஊறினால் வளையும் என்பது தெரிந்ததுதான். இன்னொரு லாபமும் இருக்கிறது: மூங்கிலுக்குள் இருக்கும் மாவுச்சத்துக்குத்தான் வண்டு வரும். தண்ணீரில் கிடந்தால் அது கரைந்து வெளியேறிவிடும், வண்டுக்குத் தின்ன ஒன்றும் இருக்காது. தேய்பிறையில் வெட்டிய மூங்கில் உளுக்காது என்று பெரியவர்கள் சொல்வதையும் அண்ணன் விடவில்லை, அதையும் பார்த்துத்தான் வெட்டினாராம்.

பழைய தாரைச் சுரண்டுவது என் வேலை. மாலை வரைக்கும் அதுதான். கொத்துக்கரண்டியைச் சாய்த்துப் பிடித்து, வெடித்த பாளங்களை மட்டும் பெயர்க்க வேண்டும். கெட்டியாக ஒட்டியிருப்பதைத் தொடக் கூடாது. லாரியில் பழைய பெயிண்ட் உரிக்கிற கை என்பதால் வேகமாகப் போனேன். அண்ணி ரெண்டு தடவை வந்து, “மெதுவா, சாக்கு கிழிஞ்சிரும்” என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பக்கம் உட்கார்ந்து தங்கூசி வலையில் போன சீசனில் நீர்நாய் கடித்த ஓட்டைகளை முடிந்துகொண்டிருந்தார். மீனை எடுத்துக்கொண்டு போனால் பரவாயில்லை, வலையையும் சேர்த்துக் கிழித்துவிட்டுப் போகிறதே என்பதுதான் அவர் வருத்தம்.

தாரின் அடியில் இருப்பது சாக்கு. அந்தக் காலத்தில் மாட்டுத்தோல். இந்தத் தோல் பரிசலின் வயசு சொன்னால் மலைப்பாக இருக்கும். 1520 வாக்கில் விஜயநகரம் வந்த டொமிங்கோ பயஸ் என்ற போர்த்துக்கீசியர், துங்கபத்திரையில் கூடை மாதிரி வட்டப் படகுகள் ஓடுவதை எழுதி வைத்திருக்கிறார். உள்ளே பிரம்பு, வெளியே தோல், பதினைந்து இருபது பேர் ஏறலாம், போகும்போது சுற்றிக்கொண்டே போகிறது என்று விவரமாக. அவருக்கு ரெண்டாயிரம் வருஷம் முன்னாலேயே கிரேக்கத்து ஹெரோடோட்டஸ் பாபிலோன் ஆற்றில் தோல் போர்த்திய வட்டப் படகுகளைப் பற்றி எழுதியிருக்கிறார். இராக்கில் டைகிரிஸ் நதியில் ‘குஃபா’ என்று ஓடியது, நம் பரிசலுக்குப் பங்காளி. அவர்களுக்குத் தார் கடையில் வாங்க வேண்டிய அவசியமே இல்லை, ஹிட் என்ற ஊரில் ஊற்றாகவே வந்தது. வேல்ஸ் நாட்டு ஆறுகளிலும் முதுகில் தூக்கிப் போகிற சின்னப் பரிசல் உண்டு, தோல் போய்த் துணியும் தாரும் வந்தது அங்கேயும் நடந்தது. வியட்நாம் மீனவர்கள் மூங்கில் கூடைக்குச் சாணியும் மரப்பிசினும் பூசிக் கடலிலேயே விடுகிறார்கள். சென்னை மாகாண மீன்துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் நம்மூர்ப் பரிசலையும் ஆராய்ந்தார், ஊருக்குத் திரும்பிய பிறகு 1938-ல் பிரிட்டன், அயர்லாந்துப் பரிசல்களுக்கென்றே புத்தகமும் போட்டார்.

இதில் எனக்குப் பிடித்தது பிரிட்டிஷ் மியூசியத்து இர்விங் ஃபிங்கெல் கதை. பாபிலோனியக் களிமண் பலகை ஒன்றைப் படித்து 2014-ல் புத்தகம் எழுதினார். பிரளயத்துக்குக் கட்டச் சொல்லிக் கடவுள் கட்டளையிட்ட கப்பல், அந்தப் பலகையின்படி, ஒரு மாபெரும் பரிசல்! எவ்வளவு கயிறு, எவ்வளவு தார் என்று கணக்கோடு. அந்தக் கணக்கை வைத்துச் சின்ன அளவில் ஒன்றை நம் கேரளாவில் கட்டிப் பார்த்தார்கள். மிதந்தது, ஆனால் தண்ணீர் கசிந்துகொண்டே இருந்தது. தார் சரியில்லை என்று பேச்சு. இதை அண்ணியிடம் சொன்னேன். “எத்தன சூட்டுல ஊத்துனாங்களாம்?” என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. ஆனால் மறுநாள் அந்தக் கேள்வியின் அர்த்தம் தெரிந்தது.

ஞாயிறு காலை, குறி போட்ட இடங்களில் மூங்கிலை மாற்றிவிட்டு, சுரண்டிய இடங்களில் புதுச் சாக்கு போர்த்தினோம். யூரியா சாக்குதான், தையல் பிரித்து விரித்தது. விளிம்பு வரை இழுத்து, சுருக்கம் இல்லாமல் கோணி ஊசியால் மூங்கிலோடு தைக்க வேண்டும். சுருக்கம் இருந்தால் அதற்குள் தார் போகாது, தண்ணீர் போகும். பிறகு மூணு கல் அடுப்பு, பழைய தகர டின், தார்க்கட்டிகள்.

இங்கேதான் சூடு விஷயம். யூரியா சாக்கு பிளாஸ்டிக் நூலில் நெய்தது. தார் அதிகம் கொதித்துவிட்டால் சாக்கு சுருங்கி ஓட்டை விழும். சூடு பத்தாவிட்டால் தார் கட்டியாக இழுபடும், நெசவுக்குள் இறங்காமல் மேலே போர்வையாக நிற்கும், ஒரே மாசத்தில் உரிந்து வரும். அண்ணி ஒரு துண்டுச் சாக்கைத் தனியே வைத்திருந்தார். குச்சியில் தொட்டு அதில் ஒரு சொட்டு விடுவார். சாக்கு சுருண்டால் டின்னை இறக்கி ஆறவிடுவார். சொட்டு உருண்டு நின்றால் இன்னும் விறகு. சொட்டு பரந்து, சாக்கின் பின்பக்கம் மெல்லக் கருப்புத் தெரிந்தால், “ம், பூசு”. தெர்மாமீட்டர் அந்தத் துண்டுச் சாக்குதான்.

தார் காய்ச்சுகிறவர்கள் ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. பக்கத்தில் தண்ணீர்க் குடம் வைக்கிற பழக்கம் நமக்கு உண்டு. சூடான தாரில் தண்ணீர் பட்டால் அந்த நொடியே ஆவியாகிப் பொங்கி மேலே தெறிக்கும். ஈர டின், ஈரக் குச்சி எதுவும் ஆகாது. தீப்பிடித்தாலும் தண்ணீர் ஊற்றாமல் மணலைக் கொட்ட வேண்டும். அண்ணன் வீட்டில் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு சட்டி நிறைய மணல் இருந்தது. பட்டறையில் வெல்டிங் போடுகிற இடத்தில் நாங்களும் வைத்திருக்கிறோம் என்றேன். “வெச்சிருக்கறீங்க சரி, அதுல பீடித் துண்டுதானே கெடக்கும்?” என்றார் அண்ணன். எங்கள் பட்டறையை நன்றாகத் தெரிந்தவர்.

பூசுவது என்னவோ சீக்கிரம் முடிந்துவிட்டது. குச்சி முனையில் பழந்துணி கட்டி, நடுவிலிருந்து விளிம்புக்கு இழுக்க வேண்டும். ஒரு பூச்சு, ஆறவிட்டு மறு பூச்சு. நேரம் எடுப்பது ஆறுவதுதான். வார இறுதி வேலை என்கிறோமே, அதில் பாதி காத்திருப்பது. அந்த நேரத்தில் கெண்டை மீன் குழம்பும் களியும் கிடைத்ததால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

சாயங்காலம் சோதனை. பரிசலை அண்ணன் தலையில் கவிழ்த்துக்கொண்டு நடந்தார், பின்னாலிருந்து பார்த்தால் கால் முளைத்த குடை. முழங்கால் தண்ணீரில் இறக்கினோம். மூங்கில் கண்களுக்குள் தெரிகிற சாக்கின் மேல் அண்ணி அடுப்புச் சாம்பலைத் தூவிவிட்டு, ரெண்டு மூணு கல்லைத் தூக்கி உள்ளே வைத்தார். கல் எடைக்குப் பரிசல் கொஞ்சம் அமிழும், கசிவு இருந்தால் சாம்பல் அந்த இடத்தில் கறுக்கும். விளிம்பை ஒட்டி ஓரிடத்தில் காசு அளவுக்கு ஈரம். கரைக்கு எடுத்து, துடைத்து, காயவைத்து, ஒரு சொட்டுத் தார். எப்.சி. பாஸ்.

பிறகு என்னையும் ஏற்றினார்கள். பரிசலுக்கு முன் பின் கிடையாது, அடியில் கூர் கிடையாது. பக்கவாட்டில் துடுப்புப் போட்டால் நின்ற இடத்திலேயே சுற்றும். அதனால் போகிற திசையைப் பார்த்து விளிம்போரம் குந்தி, முன்னாலிருக்கிற தண்ணீரைத் துடுப்பால் தன்னை நோக்கி இழுக்க வேண்டும், இடம் ஒன்று வலம் ஒன்றாக. ஆறு சக்கர வண்டி ஓட்டிய அண்ணன் இதை ஓட்டப் பழகத்தான் அதிக நாள் ஆனது என்று அண்ணி சொன்னார். அண்ணன் காதில் விழாத மாதிரி அக்கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு நீச்சல் அவ்வளவாக வராது. கட்டிக்கொள்ள ஒரு காலி எண்ணெய் கேன் தந்தார்கள். ஒகேனக்கல்லில் சுற்றுலாப் பரிசலுக்கு லைஃப் ஜாக்கெட் கட்டாயம். தொழிலுக்குப் போகிறவர்களும் போட்டுக்கொண்டால் நல்லது என்று என் பங்குக்குச் சொல்லிவைத்தேன். முதலையும் உள்ள அணை இது.

பைபர் பரிசல் வந்துவிட்டதே, இன்னும் எதற்கு மூங்கிலும் தாரும் என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். பைபருக்கு வருஷா வருஷம் தார் வேண்டாம், வண்டு வராது, பார்க்கவும் லட்சணம். அக்கம்பக்கத்தில் சிலர் வைத்திருக்கிறார்கள். அண்ணன் அதை மட்டம் தட்டவில்லை. “நல்லதுதான். ஆனா பாறையில அடிச்சுக் கீறல் விட்டுதுன்னா ரெசினு, ஹார்டனர்னு டவுனுக்கு ஓடோணும். இது கிழிஞ்சா இங்கயே உக்காந்து ஒட்டிக்குவேன்.” என்னைக் கேட்டால், பரிசலின் கெட்டிக்காரத்தனமே இதில்தான் இருக்கிறது. அது கெடாத பொருளால் செய்தது இல்லை. கெட்டால் கைக்கு எட்டுகிற பொருளால் சரிபண்ணிக்கொள்கிற மாதிரி செய்தது. மூங்கில், சாக்கு, தார், ரெண்டு பகல். கரை எங்கே வந்து நிற்கும் என்று சொல்ல முடியாத ஊரில் இதைவிடத் தோதான ஏற்பாடு எனக்குத் தோன்றவில்லை. நெடுஞ்சாலையில் நடுக்காட்டில் நின்றுபோன லாரியைக் கம்பியும் டியூப் துண்டும் வைத்துக் கிளப்பிக்கொண்டு வந்த டிரைவர்களைப் பார்த்தவன் நான், இந்த மரியாதை எனக்குத் தன்னால் வரும்.

திங்கள் காலை முதல் பஸ்ஸுக்கு அண்ணன் மொபெட்டில் கொண்டுவந்து விட்டார். பையில் அண்ணி கட்டிக்கொடுத்த கருவாடு. பஸ் கிளம்புகிற நேரத்தில் ஜன்னலோரம் வந்து, “உங்க ஷெட்டுல லாரியிலிருந்து கழட்டுன பழைய தார்ப்பாய் கெடக்குமே தம்பி, வித்துடுவீங்ளா?” என்றார்.

எடைக்குப் போடுவோம் என்றேன்.

“போடாதீங்க. அடுத்த வைகாசிக்கு ரெண்டு கொண்டாங்க. சாக்கவிட நல்லாத் தார் குடிக்கும்.”